கற்கண்டு வைத்த இலை

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடி மூன்றாவது செவ்வாய். எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். மழை விடவே இல்லை. பஜனைக்குப் பதினொரு பேர், அதிலும் நாலு பேர் கூழுக்காக வந்தவர்கள். இதைச் சொன்னால் சண்டை வரும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொன்னேன், சண்டை வந்தது.

கிஷாந்த் வந்திருந்தான். எங்கள் ஏழாம் நம்பர் லயத்து வரிசையில் மூன்றாவது வீட்டு ராசம்மாவின் மகன். அவனும் என் தம்பி மகன் நிரஞ்சனும் சேர்ந்து ஹட்டனில் ஒரு பாட்டுக் கோஷ்டி வைத்திருக்கிறார்கள். அதுக்குப் பேர் 'ஏழாம் நம்பர்'. பாட்டா அது? தகரத்தைத் தரையில் போட்டு இழுக்கிற மாதிரி. ஆனால் நானுஓயா, வலப்பனை, நோட்டன் பிரிட்ஜ், எங்கே மேடை போட்டாலும் இளசுகள் லாரி பிடித்துப் போகுதுகள். பாடுகிறது கிஷாந்த், கிட்டார் எங்கள் நிரஞ்சன்.

பத்து வயதில் என் பஜனையில் முன்னால் நின்று பாடியவன் கிஷாந்த். தொண்டை கட்டாமல் இருக்க கற்கண்டும் மிளகும் நான்தான் வாயில் போட்டு விடுவேன். இன்றைக்கும் கையை நீட்டினான். "அத்தே, கற்கண்டு" என்றான். கன்னம் ஒட்டிப்போய், முழங்கையெல்லாம் சொறிந்து புண். கூழ் ஒரு வாய் குடிக்கவில்லை. மூன்று நாளாகத் தூங்கவில்லையாம், அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

கண்ணேறுதான். அத்தனை கூட்டம் பார்த்தால் படாதா? கறுப்புக் கயிறு கட்டி, திருநீறு பூசி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி

கிஷாந்த் போய்ச் சேர்ந்துவிட்டான். இருபத்தாறு வயசு. இன்று விடியக்காலை, ஹட்டனில் பாட்டுப் பழகுகிற அறையில்.

ஆத்தா, நான் கட்டின கயிறு என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 11, திங்கள்

அடக்கம் முடிந்தது. தோட்டத்தில் யாரும் இன்றைக்குக் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகவில்லை, மலையில் ஒரு கொழுந்து எடுக்கவில்லை.

ஆறு பஸ்ஸில் ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் கறுப்புச் சட்டை, நெஞ்சில் வெள்ளையாக 7. எங்கள் லயத்து நம்பர். கூரை ஒழுகுகிற லயம் அது, கேட்டால் தெரியுமா இந்தப் புள்ளைகளுக்கு? பண்டாரம் தேவாரம் எடுக்கவும் இவர்கள் அவனுடைய பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். "பேர் கூப்பிடு கங்காணி, நான் வரல, நான் வரல." பிணத்துக்கு முன்னால் பாடுகிற பாட்டா இது? நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பேனரில் 'மாரடைப்பால்' என்று போட்டிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொன்னேன். போலீஸ் வந்து அறையில் என்னத்தை எடுத்துக்கொண்டு போனது என்று தோட்டத்துக்கே தெரியும். ஐஸ். ஏதோ போதை மருந்து, அந்தக் கருமத்துக்குப் பேர் ஐஸாம். ராசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நெஞ்சு வலின்னே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

பெட்டியில் வைக்கும்போது பார்த்தேன். மணிக்கட்டில் என் கயிறு, நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தினமும் ஆட்கள். குழிமேட்டுக்குப் போகிற வழியில் என் போஞ்சிக்கொடியை மிதித்துவிட்டார்கள். மண்மேட்டில் சிகரெட்டைப் பற்றவைத்து ஊதுபத்தி மாதிரி குத்தி வைத்திருக்கிறார்கள். பிடுங்கி எறிந்தேன். மறுநாள் இன்னும் நாலு.

வலப்பனையிலிருந்து சுலக்ஷனா என்று ஒரு பெண், இருபத்தோரு வயசு இருக்கும், மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கூட்டிவந்து பிளேன்டீ கொடுத்தேன். அவள் அப்பா குடித்துவிட்டு அடிக்கிற நாளில் இந்தப் பாட்டைத்தான் காதில் மாட்டிக்கொண்டு கிடப்பாளாம். துண்டை எடுத்துக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னேன்.

நிரஞ்சன் தட்டைத் தொடுவதில்லை. சோறு அப்படியே இருக்கிறது. துக்கம், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று பதினாறாம் நாள், கருமாதி. என்ன நடந்ததென்று எனக்கே சரியாகப் புரியவில்லை, அப்படியே எழுதி வைக்கிறேன்.

படையலுக்கு நான்தான் முன்னால் நின்றேன். ராசம்மாவுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. செத்தவனுக்குப் பிடித்தது ஒன்று விடாமல் இலையில் இருக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் ஆத்மா வாசலிலேயே நிற்கும் என்று நேற்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நிரஞ்சனிடம் ரெண்டு தடவை சொன்னேன், கூடவே திரிந்தவன் அவன்தானே. கோழிக்கறி, பருப்பு வடை, கொத்து ரொட்டி, இஞ்சி பியர். என் பங்குக்குக் கடதாசியில் மடித்துக் கற்கண்டும் மிளகும் வைத்தேன்.

திரையை மூடி, நேரம் கொடுத்து, திறந்து தீபம் காட்டினோம். பிறகு இலையை எடுக்கும்போது பார்க்கிறேன், வடைக்குக் கீழே இன்னொரு சின்ன பிளாஸ்டிக் பை. அதிலும் கற்கண்டு. பொடிப்பொடியாக, கண்ணாடி மாதிரி. யாரோ புள்ளை என்னை மாதிரியே நினைத்து வைத்திருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது. உள்ளங்கையில் கொட்டி, "ராசம்மா, வாயத் தொற, உம் புள்ள தொட்ட கற்கண்டு" என்று நீட்டினேன்.

நிரஞ்சன் பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டான். அத்தனை பேர் முன்னால். எல்லாம் சாணி மெழுகின தரையில் சிதறிப்போச்சு. "அது வேணாம் அத்தே" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை. படையலைத் தட்டிவிட்ட பாவி என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் குனிந்து ஈரத்துணியால் தரையைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

கற்கண்டு சிந்தினதுக்கு யாரு அப்படித் துடைப்பா?

ஆகஸ்ட் 25, திங்கள்

கேட்டேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு நிரஞ்சனிடம் கேட்டேன்.

"கடைசியில அவனுக்கு வேற ஒண்ணும் புடிக்கல அத்தே. நீங்கதானே ஒண்ணு விடக் கூடாதுன்னு சொன்னீங்க."

அந்த ஐஸைப் பெத்தவ வாயில போடப் பார்த்தேனே. எங்கையால. ஆத்தா, எங்கையால.

உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டதுக்குச் சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டான். இவனும் எடுக்கிறான்.

செப்டம்பர் 3, புதன்

போன வாரம் நிரஞ்சனுக்கும் கயிறு கட்டினேன். நாற்பத்தெட்டு நாள் விரதம் எனக்கு. மூன்று நாள் ஒழுங்காக இருந்தான். நாலாம் நாளிலிருந்து தூக்கமில்லை. ரேடியோவைக் கழற்றுகிறான், ஆணி ஆணியாக வரிசையில் வைக்கிறான், மாட்டுகிறான், மறுபடி கழற்றுகிறான். தம்பி கொழும்புக் கடை வேலைக்குப் போகும்போது நாலு வயதில் என் கையில் விட்டுப்போன புள்ளை. தம்பிக்குப் போன் போட்டால், "அதட்டி வை அக்கா" என்கிறான். அதட்டவாம்! இத்தனை வருசமாய் நான் வேற என்ன செய்தேன்?

முழங்கையில் சொறிகிறான். கிஷாந்துக்கும் இதெல்லாம் இருந்தது. எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்தது. நான் கயிறு கட்டினேன்.

இன்னொரு கயிறு கட்டி இன்னொரு பெட்டியில் பார்க்கணுமா?

செப்டம்பர் 7, ஞாயிறு

சுலக்ஷனா மூன்று பேரோடு வந்தாள். அடுத்த ஞாயிறு ஹட்டனில் மண்டபம் எடுத்து நினைவுக் கச்சேரியாம். கிஷாந்த் இடத்தில் நிரஞ்சன் நின்று பாட வேண்டுமாம். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். ஒருத்தனைத் தின்றது போதாதா, தலையில் தூக்கி வைத்து ஆடினீர்களே, அவன் சோறு தின்றானா என்று ஒருத்தராவது கேட்டீர்களா என்று கத்தினேன்.

அந்தப் பெண் அழவில்லை. "நீங்க கேட்டீங்களா அத்தே?" என்றாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஹார்ட் அட்டாக்குன்னு நீங்களும் சொல்றீங்க, நாங்களும் போட்டோம். அவங்க அம்மா கெஞ்சினாங்க. ஆனா எங்கள்லயே ரெண்டு பேரு அதை எடுக்குறாங்க. யாருகிட்ட சொல்ல?"

அவள் போன பிறகும் அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்கவில்லைதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதுக்கென்றே கிளினிக் இருக்கிறதாம், தோட்டத்து நர்ஸம்மா சொன்னார். திங்கட்கிழமைகளில். பேர், ஊர் எல்லாம் வெளியே சொல்ல மாட்டார்களாம். வரிசையில் நிற்கிறதில் பாதிப் பேர் நம்ம தோட்டத்து ஆள், இதில் எதை மறைக்க?

நிரஞ்சனிடம் சொன்னேன். வரமாட்டேன் என்கிறான். கச்சேரி முடியட்டுமாம்.

செப்டம்பர் 13, சனி

இன்றைக்கு நான் சொன்னதை எந்தப் பொம்பளையும் சொல்லியிருக்க மாட்டாள். எழுதவே கை கூசுகிறது.

நாளைக்குக் கச்சேரி. காலையில் நிரஞ்சன் கண்ணெல்லாம் சிவந்து, தாடையை அரைத்துக்கொண்டு, கறுப்புச் சட்டையை இஸ்திரி போடுகிறான். ஒரே இடத்தை. துணி கருகுகிற வாசம் வருகிறது, அவனுக்குத் தெரியவில்லை. இழுத்துப் போட்டேன். அழுதேன், கெஞ்சினேன், ஏசினேன். கல்லு மாதிரி நிற்கிறான்.

அப்புறம் நான் இந்த டயரியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன்.

"சரி. சொல்லு. எழுதிக்கிறேன்."

"என்ன அத்தே?"

"உனக்கு என்னென்ன புடிக்கும்னு சொல்லு. எல நாந்தானே போடணும். அன்னிக்கு யாருகிட்ட போயி கேப்பேன்? ஒண்ணு விட்டுப்போயிறக் கூடாது."

உயிரோடு இருக்கிற புள்ளையைப் பார்த்து. ஆடி முழுக்க விரதமிருந்த வாயால்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சின்னப் புள்ளை மாதிரி சொன்னான். நானும் எழுதினேன்:

ரொட்டி, கட்டச் சம்பல்
கருவாட்டுக் குழம்பு
பருப்பு வடை, ஓரம் கருகினது

"அப்புறம்?" என்றேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டான். "அதையும் எழுதுவீங்களா அத்தே?"

"சொன்னா எழுதுவேன்."

சொல்லவில்லை. என் மடியில் தலையைப் போட்டு அழுதான். எலும்பு எலும்பாகத் தெரியுது முதுகு.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிரஞ்சன் கச்சேரிக்குப் போகவில்லை. சுலக்ஷனாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன், எதுக்கு வரவில்லை என்றும் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க அத்தே" என்றாள்.

சாயங்காலம் போனில் காட்டினாள். மேடையில் மைக் மட்டும் தனியாக நிற்கிறது. கீழே அத்தனை பேரும் அவர்களே பாடுகிறார்கள். "பேர் கூப்பிடு, நான் வரல." ஒரு சுருதியும் சேரவில்லை. என் பஜனையை விட மோசம். நிரஞ்சன் போனைக் கவிழ்த்து வைத்தான். நான் நிமிர்த்திவைத்துக் கடைசி வரை கேட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் பஸ். ஆஸ்பத்திரி வரிசையில் கீழ்ப்பிரிவுக் கணக்கப்பிள்ளையின் பெண்சாதி நின்றாள். காலுக்கு மருந்து கட்டிக்கொள்ள வந்தாளாம். யாருக்கு என்ன என்று விசாரித்தாள். எனக்கு நாக்கு நுனி வரை நெஞ்சு வலி என்று வந்தது, பழக்கம். முழுங்கிவிட்டு, நிரஞ்சனுக்கு ஐஸ் பழக்கம், அதை விட வந்திருக்கிறோம் என்றேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். தள்ளி உட்காரட்டும், இடம் தாராளமாச்சு.

நர்ஸ் சிங்களப் பெண். பேர் கூப்பிட்டாள். நிரஞ்சன் அசையவில்லை. ரெண்டாம் தடவையும் கூப்பிட்டாள். எனக்கு அந்தப் பாட்டு காதுக்குள்ளே கேட்குது. ஆத்தா, வேண்டாம்.

மூன்றாம் தடவை எழுந்து போனான்.

செப்டம்பர் 27, சனி

நிரஞ்சனை அங்கேயே தங்கவைத்துப் பார்க்கிறார்கள், சொந்தக்காரர் யாரும் ஒரு மாதம் வரக் கூடாதாம். முதல் வாரம் ஓடப் பார்த்தானாம். போனில் டாக்டர், "இது ஒரே தடவையில போறதில்லம்மா" என்றார். யாரிடம் கேட்டாலும் இதே பதில். நான் விளக்கேற்றிக் கேட்கிற ஆத்தாளும் வாயைத் திறக்கக் காணோம்.

பீலிக்கரையில் தண்ணீருக்குப் போனால் பேச்சு நின்றுபோகிறது. இன்றைக்கு ஒருத்தி என் காதில் விழவே, "குடு, ஐஸ் அடிக்கிற பயல வளத்தவளுக்கு பஜனை ஒரு கேடு" என்றாள். என் வாய்க்கு இந்தத் தோட்டத்தில் ஈடு கிடையாது. ஆனால் குனிந்து குடத்தைக் கழுவினேன்.

பின்னால் நின்ற ராசம்மா குடத்தைக் கீழே வைத்தாள். கருமாதிக்குப் பிறகு வெளியே வருவதே இன்றைக்குத்தான். "எம் மகனும் அதுலதான் போனான். நெஞ்சு வலியில்ல. இப்ப பேசுங்க" என்றாள்.

ராசம்மா என் குடத்தையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முந்தாநாள் நிரஞ்சன் வந்தான். இனி வாரம் ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். கொஞ்சம் சதை வைத்திருக்கிறான், கோபமும் வருகிறது. ரேடியோவைத் தொடவில்லை.

செப்டம்பர் 13-இல் எழுதினதைப் பார்த்துச் சமைத்தேன். மூன்றும். இலை போடவில்லை, தட்டில்தான் வைத்தேன். வடை ஓரம் போதுமான அளவுக்குக் கருகவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே ஆறு தின்றான்.

அக்டோபர் 24, வெள்ளி

பஜனைக்கு ஒன்பது பேர். கிஷாந்தின் குழிமேட்டுக்கு வந்த சுலக்ஷனாவும் அப்படியே வந்து உட்கார்ந்தாள், கறுப்புச் சட்டையோடு. கோயிலுக்குக் கறுப்பா என்று கேட்க வாயெடுத்தேன். மழை வேறு. விட்டுவிட்டேன்.

நிரஞ்சன் கடைசியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது பாட்டுக்கு அவனே எடுத்துக் கொடுத்தான். குரல் பாதியில் கட்டிக்கொண்டது. பழக்கத்தில் கற்கண்டு டப்பாவைத் திறந்து நீட்டினேன். நீட்டின பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவன் டப்பாவுக்குள்ளே பார்த்தான்.

"கற்கண்டு வேணாம் அத்தே. மொளகு மட்டும் குடுங்க."

நாலு மிளகைப் பொறுக்கி அவன் கையில் வைத்தேன். கடித்தான், இருமினான், கண்ணில் தண்ணீர் வந்தது. விட்ட இடத்திலிருந்து பாடினான்.