எல்லாருக்கும் ஒரே பொன்னாடை

போடிநாயக்கனூர்

அன்பு மகன் முத்துக்கண்ணனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் ஜீப்புக்குத்தான் சுகமில்லை, எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினால் பாதி வழியிலேயே இருமுகிறது. சார்ஜாவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் டூட்டி என்று சொல்லி வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால் அங்கே கடைச் சோலியாக வரும் கமருதீன் அண்ணன் மகன் ராஜா முகம்மதிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அம்மா இப்போது சாதாரண ஆள் இல்லை அப்பு. குப்பை அள்ளும் எங்களுக்கு நன்றி சொல்ல இங்கே ஒரு கலை மன்றம் இலவசக் கலை நிகழ்ச்சி வைத்தது. ஊரைக் காக்கும் தெய்வங்களுக்கு நன்றி என்று தெருவெல்லாம் போஸ்டர். தெய்வங்களை மத்தியானமே வரச் சொல்லிவிட்டார்கள், மைதானத்தைப் பெருக்க வேறு யார் இருக்கிறார்கள். பெருக்கித் தண்ணீர் தெளித்து நாற்காலியும் போட்டோம். நாற்காலி விருந்தினர்களுக்காம், தெய்வங்கள் பின்னால் தரையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் செல்லத்தாய், என்னோடு ஒரே வண்டியில் குப்பை அள்ளுகிறவள், உனக்குத்தான் தெரியுமே. கண்ணாடிச் சில்லு கிழித்து அவள் வலது கையில் சீழ் வைத்துவிட்டது, இனி அழுக்குத் தண்ணீர் பட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தால் கூலி கிடையாது, கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு வருகிறாள். கையுறை கேட்டால் எங்கள் காண்ட்ராக்டர் பொங்கலிலிருந்து வந்துக்கிட்டே இருக்கு என்கிறார், எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறதோ தெரியவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், ஆட்டம் அருமை. கரகம் ஆடிய பெண் குனிந்து எழுந்தபோது தலையில் கரகம் அசையவே இல்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாரும் பலமாகக் கைதட்டுங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். ஏ பேச்சி, கையத் தட்டச் சொல்றாகளே, நான் எந்தக் கையத் தட்ட என்று செல்லத்தாய் கேட்டாள், சிரித்துக்கொண்டே அவளுக்கும் சேர்த்து நானே தட்டினேன். அதற்குள் விருந்தினர்கள் டீ குடித்த கப்பெல்லாம் எங்கள் பக்கம் உருண்டு வந்தது. பழகின உடம்பு பார், செல்லத்தாய் எழுந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டாள், அவளைப் பார்த்து நாங்களும் எழுந்துவிட்டோம், ஆட்டம் அதுபாட்டுக்கு நடக்கிறது. எங்களுக்கு வைத்த விழாவில் நாங்களே குப்பை பொறுக்குகிறோம் என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை. மைக்கில் பேசியவர் இதுவல்லவா கடமை உணர்ச்சி என்று உருகினார், அதற்கும் கைதட்டல்.

பிறகு பொன்னாடை. காண்ட்ராக்டர்தான் போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள், படி இறங்கியதும் ஒருவர் அதை உருவி மடித்து மறுபடி மேலே கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே பொன்னாடை. என் முறை வந்தது, போர்த்தினார்கள், இறங்கினேன், உருவ வந்தவரிடம் எனக்குத்தானே போர்த்தினீக என்று சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு நடந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு வெறும் கும்பிடு கிடைத்ததாம், பாவம்.

மறுநாள் விடியற்காலையில் அதை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைச் செல்லத்தாய் கையில் சுற்றிவிட்டேன், மறுபாதி துவைத்து மாற்றிக் கட்ட. ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில் ஜரிகை மினுங்கக் குப்பை அள்ளினாள். காண்ட்ராக்டர் பார்த்துவிட்டு, மரியாதை பண்ணுனா இப்படியா அசிங்கப்படுத்துவீக என்று கோபித்தார். கையுறை வந்ததும் அவுத்துத் தந்துர்றோம்யா என்றேன். உடனே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அப்பு, பட்டுத் துணி ஈரத்துக்கு என்ன தாங்கும், மத்தியானத்துக்குள் நனைந்துவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அனுப்பிய போட்டோவில் முழங்கை வரைக்கும் மஞ்சள் கையுறை மாட்டியிருந்தாயே, கம்பெனி கொடுத்தது என்று, அதில் பழையது இருந்தால் தூக்கிப் போடாதே, கழுவி ராஜா முகம்மதிடம் கொடு, அவன் பத்து நாளில் திரும்பி வருகிறான். புதிதாக வாங்கிச் செலவு பண்ணாதே. நீ நோய்நொடி இல்லாமல், கையும் காலும் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும், அதுதான் தினமும் நான் கும்பிடுவது. ஜோடி கிடைக்காவிட்டால் ஒற்றை உறை போதும், வலது கையாகப் பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
பொன்னாடை வாங்கிய உன் அம்மா
பேச்சி