புகைதான் உன்னைப் பிடித்தது, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

நான் பாஸாகிவிட்டேன். பொது சுகாதாரத்தில் மாஸ்டர் டிகிரி, இரண்டு வருஷமும் ஆன்லைனில். சர்டிபிகேட்கூட போனுக்குத்தான் வந்தது. ஆண்டர்சன்பேட்டை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து லாமினேஷன் போட்டு வந்தேன். "இன்னாடி, போன்லயே டாக்டராயிட்டியா?" என்று எதிர்வீட்டு அக்கா கிண்டல் பண்ணினார். நானும் சிரித்து வைத்தேன். எதற்குப் படித்தேன் என்று அவருக்குத் தெரியாது. உன்னிடம் மறைப்பேனா?

பழிவாங்கத்தான் படித்தேன்.

தங்கச் சுரங்கம் மூடின பிறகு நெஞ்சு நோய்க்கு ஒரு முகாம் போட்டார்களே, ஞாபகம் இருக்கா? நான் அப்போது பி.யூ.சி. உன் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வெளியூர் டாக்டர் ஒருத்தர், தலையை நிமிர்த்தாமல், "புகை பிடிக்கறதுண்டா?" என்று கேட்டார். நீ இருமிக்கொண்டே சொன்னாய்: "புடிக்கும் சார். எல்லா ஷிஃப்டுலயும் புடிக்கும்."

அவர் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். "நெக்ஸ்ட்" என்றார்.

நீ சொன்னது வெடிப்புகையை. வெடி வைத்த இடத்தில் புகை அடங்கும் முன்னே உள்ளே அனுப்புவார்கள். யாராவது தலை சுற்றி விழுந்தால் "புகை புடிச்சிடுச்சு" என்று சொல்லித் தூக்கி வருவீர்கள். நம்ம லைன் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பேச்சு அது. அந்த டாக்டருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து தாளைப் படித்தபோதுதான் தெரிந்தது, உன்னை ரொம்ப நாளாகப் பீடி குடிப்பவனாக எழுதிவிட்டார். சுரங்கத் தூசி நோய்ப் பட்டியலில் உன் பெயர் ஏறவில்லை. மறுநாள் காலையில் ஓடினேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பீடியை நீ வாயில் வைத்ததே இல்லை. ஆனால் தாள்தானே பேசியது? அம்மாகூட ஒருநாள் கேட்டுவிட்டாள்: "உள்ள எறங்கிப் போயி எனக்குத் தெரியாம குடிச்சியா இன்னா?" நீ இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. நீ போய்ச் சேர்ந்து, உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு, பின்னால் வந்தவர்கள் பீடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

தாளில் இருந்த அந்த டாக்டரின் பெயரை நான் மறக்கவே இல்லை, நைனா. நர்ஸாகி, தினமும் ரயிலில் பெங்களூர் போய் வந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் மறக்கவில்லை. ஒருநாள் ரயிலில் இந்தப் படிப்புக்கான விளம்பரம் போனில் வந்தது. சிறப்பு வகுப்பு எடுப்பவர்கள் பட்டியலில் அவர் பெயரும் போட்டோவும். முடி நரைத்திருந்தது. அவரேதான். பங்காரப்பேட்டை வருவதற்குள் விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

ரயிலில் நின்றுகொண்டே பாடம் கேட்டேன். டேக்கல் ஸ்டேஷன் தாண்டினால் சிக்னல் போகும், ஆசிரியரின் வாய் திறந்தபடியே நிற்கும். எதற்குப் படிக்கிறேன் என்று வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்துபோய், புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே சத்தம் போட்டாள். "பஞ்சசீலம் சொல்ற வாயால சாபம் குடுக்காதடி." நான் எங்கே சாபம் கொடுத்தேன்? படித்தேன்.

அவருடைய வகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நோயாளியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதுதான் பாடம். என் கேள்வியை எழுதித் தயாராக வைத்திருந்தேன், அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தவர், தொழிலாளிகள் கெட்ட பழக்கத்தைக்கூடப் பெருமையாகச் சொல்வார்கள் என்றார். உதாரணத்துக்கு உன்னை எடுத்தார். உன்னை மாதிரியே குரலை இழுத்து, உன் தமிழில் சொன்னார்: "எல்லா ஷிஃப்டுலயும் புடிக்கும் சார்." வகுப்பு சிரித்தது.

மைக் பட்டனை அழுத்தினேன்.

"சார், இப்ப நீங்களே சொன்னீங்க, 'புடிக்கும்'னு. அவரு 'புடிப்பேன்'னு சொல்லலையே?"

"இரண்டும் ஒன்றுதானேம்மா? பிடிக்கும் என்றால் விருப்பம்."

"எங்க ஊர்ல புகைதான் சார் மனுஷனப் புடிக்கும். வெடிப்புகை. அதைத்தான் எங்க நைனா சொன்னாரு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெட்வொர்க் சரியில்லை என்றார். அவருடைய கட்டம் கறுப்பானது.

ஆய்வுக் கட்டுரையையும் அதைப் பற்றியே எழுதினேன். லைன் லைனாகப் போய், பழைய ஆட்களிடம் இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்டேன்: "பீடி குடிச்சீங்களா? புகை புடிச்சிருக்கா?" உன்னோடு மெஷின் ஓட்டிய ஒருத்தர், மூச்சு வாங்கிக்கொண்டே, "இத்தினி வருஷத்துல இப்பதாம்மா ஒருத்தர் சரியா கேக்கறாங்க" என்றார். அவர் தாளிலும் அதே பொய் இருந்தது.

போன வாரம் டாக்டர் போன் பண்ணினார். வகுப்பு ரெக்கார்டு ஆகியிருக்கிறது, வருகிற மாணவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். நான் சம்மதித்தால்தான் அந்தப் பகுதியை நீக்குவார்களாம். "என் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள் அம்மா" என்றார்.

"எங்க நைனாவுக்கும் பேரப்பிள்ளைங்க இருக்காங்க சார். நீங்க எழுதினதை அவங்க பார்த்திருக்காங்க."

"அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேனே."

"எங்க நைனாவும் வாயாலதான் சொன்னாரு. நீங்க எழுதினதுதான் நின்னுச்சு. எழுதிக் குடுங்க."

போனை வைத்துவிட்டார். தாள் இன்னும் வரவில்லை. நான் செய்தது தப்பா, நைனா? வயதான மனுஷனை அழவைத்துவிட்டேனோ? அப்படியென்றால் அழட்டும்.

அம்மாவுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "புடிக்கும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "நானும் கேட்டுட்டேனேய்யா" என்றாள். அவளை மன்னித்துவிடு. அந்த டாக்டருக்காக நான் கேட்க மாட்டேன்.

புது மாணவர்களுக்கு வழிகாட்டியாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் கையெழுத்தில், "இவர் பீடி குடித்தவர் அல்ல" என்று தாள் வரும்வரை, அந்த வகுப்பை ஒவ்வொரு வருஷமும் நானே போட்டுக் காட்டுவேன். சத்தத்தை முழுசாக வைத்துக் காட்டுவேன். என்றைக்காவது அவர் இருமிக்கொண்டு என் ஆஸ்பத்திரிக்கு வந்தால், தலையை நிமிர்த்தி, முகத்தைப் பார்த்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

பீடி வாசமே இல்லாத கையைப் பிடித்து நடந்த
உன் பெரிய மகள்,
கௌதமி