சாரேல் மொழித் தேர்வு

அன்பு மகளுக்கு,

உன் வாசகர்கள் நடத்தும் தேர்வின் பட்டியலில் இருக்கும் பெயர் என்னுடையதேதான். உன் கதைகளில் வரும் சாரேல் நாட்டு மக்களுக்காக நீ உருவாக்கிய மொழியை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். நான் ஓட்டும் டிராம் கடைசி நிறுத்தத்தில் நிற்கிற பத்து நிமிடமும் எனக்கு வினைச்சொல் மனப்பாடம்தான். அப்படியும் எழுத்துத் தேர்விலேயே இரண்டு முறை தோற்றேன்.

"இல்லாத நாட்டுக்கு எவன்யா உனக்கு விசா குடுப்பான்?" என்று டிராம் பணிமனையில் கூட வேலை செய்யும் போகுஸ் கேலி செய்கிறான். நான் சிரித்துவிடுகிறேன். உனக்குப் பதினாறு வயதில், "இல்லாத ஊருக்கு எதுக்குடி பாஷை?" என்று கத்தியவன் நான். உன் நோட்டுகளை அடுப்பில் போட்டவனும் நான்தான். ஒன்பது வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை.

சனிக்கிழமை தோருன் நகரில் நடக்கும் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பது நீதான் என்று போட்டிருக்கிறார்கள். வேண்டாமென்றால் வேறு யாரையாவது உட்கார வை. நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் வருவேன். தோற்றால் அடுத்த வருடமும் வருவேன்.

அங்கே நம் போலிஷ் மொழியில் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். உன் மொழியில்தான் நான் உன்னை இதுவரை ஒருமுறைகூடத் திட்டியதில்லை.

உன் அப்பா