முன்வரிசையில் மாட்டிய சுருள்கள்

நலம் ஓங்குக! அருவிநாட்டைத் தாங்கும் ஆழிமங்கைத் தேவியார் திருவாய்மலர்ந்தபடி, சாரல்மேட்டுத் தலைவர் பொறைவேளாருக்கு ஓலைநாயகம் எழுதியது. உம் வயலில் நீரும் உம் இல்லத்தில் ஒளியும் குறையாதிருக்க.

முடிசூட்டு விழாவில் உம் விளக்குகள் மங்கி உமக்குத் தலைகுனிவு நேர்ந்ததென்றும், அதற்காகச் சுருள்நாயகி வெண்ணியாரை நாடு கடத்த வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். தேவியார் படிக்கக் கேட்டார். கேட்டபின் உணவு கொள்ளவில்லை.

அருவியின் விசையால் உயிர்பெறும் தாய்ச்சுருள் கம்பியின்றி ஆற்றலை அனுப்புவதையும், அதன் அதிர்வோடு ஒத்த சேய்ச்சுருள்கள் அதைப் பெற்று ஒளியும் சூடும் தருவதையும் நீர் அறிவீர். சேய்ச்சுருள்கள் நெருங்கினால் அதிர்வு பிறழ்ந்து எல்லாமே பட்டினி கிடக்கும் என்பதையும் அறிவீர். அதைத் தடுக்க வெண்ணியார் நட்ட இடைவெளிக் கற்களைப் பிடுங்கச் சொன்னவர் நீரே அல்லவா?

அவையில் அமர்வதுபோல் சுருளையும் தகுதி பார்த்து மாட்டுவது தலைவர்களாகிய உங்கள் வழக்கம். பின்னால் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. தாய்ச்சுருளின் காலடியில் ஒன்றையொன்று உரச மாட்டினீர்கள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வெண்ணியார் ஓடிவந்தார். ஊர்க்கோடியிலுள்ள மகப்பேற்று இல்லத்தில் குறைமாதப் பிள்ளைகளின் தொட்டில்கள் இந்தச் சூட்டை நம்பியே இருக்கின்றன என்று கைகூப்பினார். வரிசை தெரியாதவர் இடைவெளி கற்பிக்க வேண்டாம் என்று கூறி, விழாக் கூத்து முடியும்வரை அவரைக் காவலில் வைத்தீர். அந்தக் கூத்தைத் தேவியாரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டில்கள் குளிர்ந்தன. தாய்மார் தத்தம் பிள்ளைகளை மார்போடு அணைத்துக் காப்பாற்றிக்கொண்டனர். ஒரு தொட்டிலருகே மட்டும் தாய் இல்லை. அவர் உம் காவலில் இருந்தார்.

வெண்ணியாருக்குத் தண்டனை கேட்டீர். அதை நீர் முன்பே கொடுத்துவிட்டீர் என்று சொல்லச் சொன்னார் தேவியார்.

ஆகவே ஆணை. தலைவர்கள் அனைவரின் சுருள்களும் இறக்கப்படுக. உம் சுருளை ஏவலர் தொடலாகாது. நீரே கழற்றி, பல்லக்கேறாமல் தோளில் சுமந்து, மகப்பேற்று இல்லத்தில் வெண்ணியார் முன்னிலையில் மாட்டுக. இடம் தேட வேண்டியிராது. அங்கே ஒரு தொட்டில் காலியாக இருக்கிறது.

அருவி இலச்சினை இடப்பட்டது. மறுமொழி ஓலை வேண்டா, நீர் வருக.