ஆளில்லாத அறையில் ஃபேன்

செவ்வாய், இரவு.

பட்டாளத்தில் என் வீட்டுக்காரருக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லி யூனிட்டின் ஃபேஸ்புக் பக்கத்தில் தினமும் எதையாவது போட வேண்டும்.

இன்று திருப்பதியில் வேலை முடிந்து நகரிக்கு ரயிலில் திரும்பும்போது இன்றைய வீடியோவைப் பார்த்தேன். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அறையை விட்டுப் போகும்போது ஃபேனை நிறுத்துங்கள் என்று இந்தியில் புத்திமதி வேறு. லீவில் வந்தால் அவர் பின்னாலேயே போய் நிறுத்துவது நான். எரிச்சலில், "நம்ம வூட்ல என்னிக்காச்சும் நிறுத்திகிறியா மாமா?" என்று கீழே எழுதிவிட்டேன். தமிழ்தானே, அங்கே யாருக்குப் புரியப்போகிறது? வேலூர்க்காரச் சிப்பாய் ஒருவர் அதை இந்தியில் மாற்றிப் போட்டுவிட்டார். நான் வீடு சேர்வதற்குள் யூனிட்டே சிரித்து முடித்திருந்தது.

சாப்பிட்ட பிறகு வீடியோவில் கூப்பிட்டார்.

"இனிமே உன் சம்சாரத்தையே எழுதச் சொல்லுன்னு எங்க ஆபீசர் சாரு சொல்லிட்டாரு. மானமே போச்சிடி."

பதில் சொல்வதற்குள் யாரோ அவரைக் கூப்பிட, எழுந்து போய்விட்டார். மேஜைமேல் மல்லாந்து கிடந்த அவர் போன் வழியாக, காலி அறையின் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

இதைப் பற்றி யூனிட் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனையும் நான்தான் நிறுத்தினேன்.