வாசலில் வந்த சிரிப்பு

மினசோட்டா, சனிக்கிழமை

அன்பு மகன் லேய்ஃபுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் பனி வரப்போகிறதென்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டது. சபையின் காபிக் கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சபைக் கூடத்தில் நீ எடுத்த சிரிப்புப் படத்தைப் போட்டபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை என்று அக்கா வீட்டுக்காரர் டுவைட் உனக்குப் போன் செய்தாராமே, அதனால் விருந்தாளிகள் "சரி, அப்போ" என்று சொல்லிச் சொல்லியே வாசலை விட்டு நகராமல் விடைபெறும் அந்த நீளமான காட்சியை வெட்டிவிட்டுத்தான் திரைப்பட விழாவுக்கு அனுப்புவாயாமே. கொஞ்சம் பொறு, முதலில் இதைப் படி.

டுவைட் சொன்னது பொய்யில்லை, ஆனால் மாடு கறக்க நேரமாகிவிட்டதென்று படம் முடிந்ததுமே அவர் போய்விட்டார். நம் சபையாரை உனக்குத் தெரியாதா, முன்வரிசையில் போதகர் இருக்கும்போது யார் வாய்விட்டுச் சிரிப்பார்கள்? பக்கத்து வீட்டு ஆர்டிஸ் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு குலுங்கினாள், அழுகிறாள் என்று நினைத்து நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அப்பாவை நடிக்கவைத்த உன் முதல் படமும் அடுத்ததும் எனக்குப் பிடிபடவே இல்லை, ஆள் பேசி முடித்த பிறகும் கேமரா நகராமல் நிற்கிறதே, மறந்துவிட்டானோ என்று நினைப்பேன். இந்த மூன்றாவது படத்தில்தான் புரிந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லாரும் எழுந்து "சரி, அப்போ கிளம்புறோம்" என்றார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பனியைப் பற்றிப் பேசினார்கள், பிறகு போதகர் வீட்டு அடுப்பைப் பற்றி, மறுபடி "சரி, அப்போ", திறந்த கதவு வழியாகக் குளிரெல்லாம் உள்ளே. திடீரென்று ஆர்டிஸ், "ஏய் நில்லுங்கப்பா, நாம இப்ப அந்தப் படத்துக்குள்ளதானே நிக்கிறோம்!" என்று கத்தினாள். முதலில் வெடித்தது போதகர்தான். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், யாராவது "சரி, அப்போ" என்றால் போதும், மறுபடியும் ஆரம்பம். "உன் மவன் எங்களைக் கேலி பண்றானா மார்லிஸ்?" என்று ஆர்டிஸ் கேட்டாள். கேட்ட கையோடு அவளே, "அடுத்த படத்துல என்னையும் போடச் சொல்லு, சும்மா நின்னாலே போதும்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

ஆகவே அந்தக் காட்சியில் கை வைக்காதே. எங்களுக்குச் சிரிப்பு மெதுவாகத்தான் வரும், அது வந்து சேர நீதான் இடம் விட்டிருக்கிறாய். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே, காதை மூடும் தொப்பியைப் போட்டுக்கொள். உன்னையும் உன்னோடு உழைக்கிறவர்களையும் கர்த்தர் காப்பாராக. படம் எப்படி என்று அப்பாவிடம் கேட்டேன், "பரவாயில்ல" என்றார். எங்கள் கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னார், ஆகவே நீ தாராளமாகச் சந்தோஷப்படலாம்.

உனக்காக ஜெபிக்கும் அம்மா,
மார்லிஸ்