ஆறு மணி நேரமில்லை, ஆற விடு

என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே எனக்கு மச்சானாகிவிட்ட அன்புக் குமரனுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை, நீ அச்சடித்த கண்ணாடி வில்லையொன்றை வெளிநாட்டுக் கம்பனிக்காரருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தபோது தும்மிவிட்டேன். சீனிப் பருக்கையை விடச் சின்னச் சாமான், பிறகு எங்கே தேடுவது? இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே சாரமுமாக மேசைக்கடியில் தவழ்ந்தேன். கம்பனியே பார்த்தது.

உன் வாசுகி கதவடியில் நின்று சிரித்தாள். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தபிறகு என் தங்கை வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஆகையால் அந்தத் தும்மலுக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

செய்தி இதுதான். வெள்ளவத்தை ஃபிளாட்டின் பின்னறையில், கரையோர ரயில் போகும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி நிறுத்தி ஒன்றைக் கண்டுபிடித்தாயே, அதற்கு உரிமம் கேட்கிறார்கள். கண்ணாடித் தூளைக் கூழாக்கி, ஒளியால் படை படையாக இறுக்கி, சூளையில் வைத்து வில்லையாக்கும் உன் முறை. குழந்தைகளின் காதுக்குள் விட்டுப் பார்க்கும் கருவியின் நுனிக்கு வேண்டுமாம். ஒப்பந்தத்தில் 'குமரன் முறை' என்றே பெயர் போடுவார்களாம். வாசுகி கேட்டது அது ஒன்றைத்தான்.

ஆனால் அவர்கள் செய்தால் வில்லை வெடிக்கிறது. நீ வேலை செய்யும்போது வாசுகி ஃபோனில் எடுத்திருந்த வீடியோவை நான்தான் அனுப்பிவைத்தேன். சூளையைத் திறந்த கையோடு உன் குரல் கேட்கிறது: "ஆற விடு, அவசரப்படாதை." அங்கே மொழிபெயர்த்த புண்ணியவான் அதை 'ஆறு' என்று விளங்கிக்கொண்டார். பாவங்கள், ஒவ்வொரு தடவையும் ஆறு மணி நேரம் காத்திருந்து கண்ணாடிச் சில்லை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

பிழையைப் பிடித்தது யார்? நான்! பத்திரிகையில் பகிடி எழுதிப் பிழைக்கிறவனுக்கு விஞ்ஞானத்தில் கிடைத்த ஒரே வெற்றி. நெஞ்சை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். அது இலக்கமில்லை, சூடு தணிய விடச் சொல்கிறார் என்றேன்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்கள்.

"ஆறும்வரை" என்றேன்.

"அது எத்தனை மணி நேரம்?" என்று திரும்பவும் கேட்டார்கள். லைன் அறுந்துபோகாதா என்று பார்த்தேன். அறுந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

புதுக்கடைக் கோர்ட்டடியில் நம்முடைய லோயரிடம் ஓடினேன். "உரிமையை எழுதிக் குடுக்கலாம் ஐசே, கைப்பக்குவத்தை எந்தப் பிரிவிலை எழுதுறது?" என்று கேட்டுவிட்டு, "ரோல்ஸ் ஒண்டு சாப்பிடுறீரோ?" என்றார். சாப்பிட்டேன். பிறகுதான் மெதுவாகச் சொன்னார். அந்த ஆற விடும் படியை நாங்கள் சொல்லிக்கொடுக்காவிட்டால், அவர்கள் தங்கள் வழியொன்றைக் கண்டுபிடித்துத் தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்ளலாமாம். உன் பெயர் எங்குமே இராது.

வாசுகியிடம் வந்து சொன்னேன். "அவரிட்டையே கேளுங்கோவன் அண்ணா. ஊருக்கெல்லாம் எழுதிற ஆள்தானே நீங்கள்" என்றாள். பகிடியா, கோபமா? முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

அதுதான் கேட்கிறேன். எவ்வளவு நேரம் மச்சான்? சூளைக் கதவைத் திறந்துவைத்தா, சாத்தியா? மழை நாளிலும் அதே கணக்கா? எத்தனை பின்னேரம் உனக்குப் பக்கத்தில் நின்றேன், ஒரு வார்த்தை கேட்டேனா? மூன்றாம் மாடிக்காரரின் விவாகரத்துக் கதையை அல்லவா உனக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் "பிறகு?" என்று கேட்டாயே, பாவி. அந்த நேரத்தில் எனக்கு வாயைப் பொத்தியிருக்கக் கூடாதா?

உன் பெயர் இல்லாத தாளில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். வாசுகியையும் வைக்க விடமாட்டேன். அவ்வளவுக்குத்தான் வாக்குத் தர முடியும். அதற்கு மேல் என்னால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது.

உன் வாசுகியின் அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்.

பி.கு.: இதை வாசித்துக் காட்டியபிறகுதான், நீ போனதிலிருந்து அந்த வீடியோவைத் திறக்கவே பயந்திருந்த வாசுகி அதைப் போட்டுப் பார்த்தாள். "அண்ணா, அவர் கண்ணாடியைச் சொல்லேல்லை. நீங்கள் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை வாயிலை வைக்கப் போனீங்கள்" என்றாள்.